இரண்டு நெஞ்சங்களும் ஒரு மருத்துவ வரலாறும்

துயரம் தாங்காமல் நெஞ்சு நின்றுவிடும் என்பது இலக்கியம் படிப்போருக்குப் புதிய செய்தியன்று. கணவன் இறந்தபோது உடன் உயிர்நீத்த மனைவியைக் கண்டு வழிச்செல்வோர் வருந்திப் பேசுவதைத் தொல்காப்பியம் 'மூதானந்தம்' எனப் பெயரிட்டுக் காஞ்சித்திணையின் ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் இவ்வாறு இரு நெஞ்சங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. தன் தீர்ப்பு பிழைத்தது என்று உணர்ந்த பாண்டியன் அரியணையிலிருந்து வீழ்ந்து இறக்கிறான். கணவனை இழந்த கோப்பெருந்தேவி அவன் அடிதொழுது வீழ்ந்து உயிர்விடுகிறாள். அரசனைக் கொன்றது அவனது தொழிலில் நேர்ந்த பிழை. அரசியைக் கொன்றது உறவின் இழப்பு. ஆணின் நெஞ்சு கடமையால் உடையும், பெண்ணின் நெஞ்சு உறவால் உடையும் என்ற இந்தப் பிரிவினை பல மொழிகளின் இலக்கியங்களுக்கும் பொதுவானது.

மேலை நாட்டு மருத்துவமும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இதே பிரிவினையை நம்பியது என்பதும், அதற்கு நோயாளிகள் விலை கொடுத்தார்கள் என்பதும் அதிகம் பேசப்படாத வரலாறு. அந்த வரலாற்றை நாம் இங்கே சுருக்கமாகப் பின்தொடரலாம். இதயம் பற்றிய வரலாறு என்பதைவிட இதை, இதய நோய்களுக்கு வைக்கப்பட்ட பெயர்களின் வரலாறு என்று சொல்வதே பொருத்தம்.

1768-ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் ஹெபெர்டன் என்ற மருத்துவர் சக மருத்துவர்களின் முன்னிலையில் ஒரு கட்டுரை வாசித்தார். நடக்கும்போது, குறிப்பாக உணவுக்குப் பின் மேட்டில் ஏறும்போது, நெஞ்சை இறுக்கும் ஒரு வலி பற்றியும், நின்றவுடன் அது மறைந்துவிடுவது பற்றியும் அவர் விவரித்தார். 'ஆஞ்சைனா' என்று இன்றும் நாம் அழைக்கும் நெஞ்சுவலிக்கு அவர் வைத்த பெயரே நிலைத்தது. அவர் மறைந்தபின் 1802-இல் வெளிவந்த நூலில் ஒரு கணக்கு வருகிறது: இந்நோய் கண்ட ஏறத்தாழ நூறு பேரைத் தாம் பார்த்ததாகவும், அவர்களில் பெண்கள் மூவர் மட்டுமே என்றும் அவர் எழுதியிருக்கிறார். தம்மிடம் வந்தவர்களை அவர் நேர்மையாக எண்ணிச் சொன்னார். பின்வந்தவர்களோ அந்த எண்ணிக்கையை இயற்கையின் விதியாக வாசித்தார்கள்.

சினத்துக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்புக்கு அதே நூற்றாண்டு ஒரு புகழ்பெற்ற சான்றையும் தந்தது. ஜான் ஹண்டர் அக்காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர், தாமே நெஞ்சுவலிக்காரர். தம்மைச் சீண்ட நினைக்கும் எந்தப் போக்கிரியின் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று அவர் சொல்லிவந்ததாகக் கூறுவார்கள். 1793 அக்டோபர் 16 அன்று செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் நிர்வாகக் கூட்டமொன்றில் கடும் வாக்குவாதத்துக்குப் பின் அங்கேயே இறந்துபோனார். அழுத்தத்துக்கு ஆளாகும் இதயத்தின் உருவம் இங்கே தெளிவாகிவிட்டது: உயர்ந்த பதவி, பெரும் பொறுப்பு, அடக்கமுடியாத கோபம். அது ஓர் ஆணின் உருவம்.

அடுத்த நூற்றாண்டில் பெயர்கள் இரண்டாகப் பிரிந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற வீரர்களிடம் படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் இருப்பதைக் கண்ட ஜேக்கப் டா கோஸ்டா, முந்நூறு பேரை ஆராய்ந்து 1871-இல் அதை 'எரிச்சலுற்ற இதயம்' என்று குறித்தார். நெடும்பயணமும் காய்ச்சலும் போர்க்கள வாழ்வின் கடுமையுமே காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதாவது, நோய் இதயத்தில் இருந்தது. காரணம் வெளியே இருந்தது. பெண்கள் நெஞ்சுவலி என்று வந்தபோதோ நூற்றாண்டின் இறுதிப் பாடநூல்களில் 'போலி ஆஞ்சைனா' என்ற தலைப்பு காத்திருந்தது. வில்லியம் ஆஸ்லர் போன்ற பெருமருத்துவரே உண்மை ஆஞ்சைனா, போலி ஆஞ்சைனா என்று பிரித்தார். முன்னது பெரும்பாலும் ஆண்களுக்கு, பின்னது பெரும்பாலும் நரம்புத் தளர்ச்சியோ ஹிஸ்டீரியாவோ உள்ள பெண்களுக்கு. ஆஸ்லர் கருணையற்றவர் அல்லர். அவரது கையிலிருந்த அகராதியில் பெண்ணின் நெஞ்சுவலிக்கு வேறு சொல் இல்லை. 'போலி' என்ற ஒரு முன்னொட்டு அடுத்த பல பத்தாண்டுகளுக்கு எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கும் என்பதை நம்மால் ஊகிக்க மட்டுமே முடியும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் களம் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாறுகிறது. அங்கே மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரு இதய மருத்துவர்கள், கணவன்மாருக்கு வரும் மாரடைப்பு ஏன் மனைவிகளுக்கு அந்த அளவுக்கு வருவதில்லை என்று அறிய முற்பட்டு முதலில் உணவுப் பழக்கத்தை ஒப்பிட்டார்கள். இருவரும் ஒரே உணவைத்தான் உண்டார்கள். அப்போது, ஆய்வில் பங்கேற்ற பெண்கள் சங்கத்தின் தலைவி, எங்கள் கணவன்மாரைக் கொல்வது உணவன்று, அலுவலகத்தில் அவர்கள் படும் அழுத்தமே என்று சொன்னதாக ஃபிரீட்மன் பின்னாளில் எழுதினார். புகழ்பெற்ற ஒரு கோட்பாட்டின் விதை ஒரு பெண்ணின் கவனிப்பிலிருந்து வந்தது. ஆனால் அந்த விதையிலிருந்து முளைத்த பேராய்வில் பெண்களுக்கு இடமில்லை. 1960-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அந்த ஆய்வில் கண்காணிக்கப்பட்ட 3,154 பேரும் நடுவயது ஆண்கள். பொறுமையற்ற, போட்டி மனம் கொண்ட, எப்போதும் கடிகாரத்தோடு மல்லுக்கட்டும் 'ஏ வகை' மனிதனுக்கு மாரடைப்பு இரு மடங்கு வருகிறது என்ற முடிவு உலகெங்கும் பரவியது. நீண்டகாலத் தொடராய்வுகளில் அந்த முடிவு பெரிதும் தேய்ந்துபோனது. ஆனால் படிமம் தேயவில்லை. அழுத்தம் என்றதும் கழுத்துப்பட்டை அணிந்த ஓர் அதிகாரி மேசைமீது சாய்ந்து மார்பைப் பிடித்துக்கொள்ளும் காட்சிதான் நம் மனத்திலும் எழுகிறது.

இந்தக் காலத்தில் பெண்ணுக்கு அளிக்கப்பட்ட பாத்திரம் என்ன? 1964-இல் ஆரகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்காக இதய நோய் பற்றிய முதல் மாநாட்டைக் கூட்டியது. அதன் தலைப்பு 'இதயங்களும் கணவர்களும்'. கணவனின் இதயத்தைப் பேணுவது எப்படி என்று மனைவிகளுக்குக் கற்பிப்பதே நோக்கம். வந்திருந்த பெண்களின் மார்புக்குள்ளும் ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது நிகழ்ச்சி நிரலில் இல்லை. தொடர்ந்து வந்த பெரும் ஆய்வுகளிலும் இதே நிலைதான். இதய நோய்த் தடுப்புக்காக 1970களில் தொடங்கிய ஆய்வில் 12,866 பேர், அனைவரும் ஆண்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைக் குறைக்கிறதா என்று 1980களில் சோதித்த ஆய்வில் 22,071 மருத்துவர்கள், அவர்களும் அனைவரும் ஆண்களே.

1991-இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. அது இலக்கியத்தின் துணையோடு நேர்ந்தது என்பது நமக்குச் சுவையான செய்தி. நெஞ்சுவலியால் பெண்கள் ஆண்களைவிட அதிகம் முடங்கிப்போயிருந்தும், ஆஞ்சியோகிராம் சோதனைக்கு அனுப்பப்பட்டோரின் விகிதம் ஆண்களிடமே ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது என்று அவ்வாண்டு ஓர் ஆய்வு காட்டியது. அதையொட்டித் தலையங்கம் எழுதியவர் பெர்னடின் ஹீலி. இதய மருத்துவர், அமெரிக்கத் தேசிய நல ஆய்வு நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநர். ஐசக் பாஷெவிஸ் சிங்கர் யித்திஷ் மொழியில் எழுதிய ஒரு கதையில், வேதம் கற்க விரும்பும் யெண்ட்டில் என்ற பெண் ஆண்வேடம் பூண்டே கல்விச்சாலைக்குள் நுழைகிறாள். ஹீலி தம் தலையங்கத்துக்கு 'யெண்ட்டில் நோய்க்குறி' என்று தலைப்பிட்டார். ஆணைப் போன்ற இதய நோய் தனக்கும் இருப்பதாக நிரூபித்த பின்னரே ஒரு பெண் ஆணுக்கு நிகரான சிகிச்சையைப் பெறுகிறாள் என்பது அவர் வாதம். 1993-இல் அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்கவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே வந்தது.

பெண்களையும் எண்ணத் தொடங்கியபோது என்ன தெரியவந்தது? ஆண்களையும் பெண்களையும் 1948 முதலே சேர்த்துக்கொண்ட அரிய விதிவிலக்கு மாசச்சூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நடந்துவரும் ஆய்வு. 1980-இல் அதிலிருந்து வெளிவந்த ஒரு கட்டுரை, வேலைக்குப் போவதால் மட்டும் பெண்ணின் இதயம் கெடுவதில்லை என்றது. ஆனால் எழுத்தர் பணியிலிருந்த பெண்களிடையே இதய நோய் இல்லத்தரசிகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. வெளிக்காட்டாத கோபம், ஆதரவு தராத மேலாளர், மாற முடியாத வேலை ஆகியவை அவர்களிடம் முன்னறிகுறிகளாக இருந்தன. பெண்ணின் நெஞ்சு உறவால் மட்டுமே உடையும் என்ற பழைய பிரிவினைக்கு இங்கேயே ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. அதே சமயம், உறவின் எடை பொய்யன்று என்றும் சான்றுகள் வந்தன. மாரடைப்போ அதையொத்த நெருக்கடியோ கண்டு மீண்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஸ்டாக்ஹோம் ஆய்வில் (2000), மணவாழ்வின் இறுக்கம் நோய் திரும்பும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்கியது. வேலையின் இறுக்கத்துக்கு அவ்வளவு தெளிவான விளைவு தென்படவில்லை. ஃபிரேமிங்ஹாம் வழித்தோன்றல்களிடம் நடந்த ஆய்வு (2007) இன்னும் கூர்மையானது. கணவனோடு பிணக்கு வரும்போது வாயை மூடிக்கொள்ளும் பெண்கள், பேசிவிடும் பெண்களைவிடப் பத்தாண்டுகளில் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. ஆண்களிடம் இத்தகைய விளைவு காணப்படவில்லை. அடக்கம் என்று பல சமூகங்கள் போற்றிய ஒன்றின் மறுபக்கம் இந்த எண்ணில் இருக்கிறது.

ஆய்வகங்களும் தம் பங்குக்கு வேறுபாட்டைத் துருவின. பதற்றம் தரும் பேச்சு, கணக்கு போன்ற பணிகளைக் கொடுத்து அப்போது இதயத்தைப் படம் பிடிப்பது ஒரு வழக்கமான முறை. டியூக் பல்கலைக்கழகத்தின் 2014-ஆம் ஆண்டு ஆய்வில் ஆண்களுக்கு இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் கூடுதலாக ஏறின. பெண்களுக்கோ இதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் குறைவதும், இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் அதிகம் காணப்பட்டன. இளவயதிலேயே மாரடைப்பு கண்டவர்களை ஆராய்ந்த எமரி பல்கலைக்கழகத்தினர் 2018-இல், மன அழுத்தத்தால் இதயத்தின் இரத்த ஓட்டம் குறைவது ஆண்களில் 11 விழுக்காடு, பெண்களில் 22 விழுக்காடு என்று கண்டார்கள். ஆண்களிடம் இதயத்தின் வேலைப்பளு ஏறுவதே காரணமாகத் தெரிந்தது. பெண்களிடம் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குவது. ஆஞ்சியோகிராம் காட்டுவது பெருங்குழாய்களை. நுண்குழாய்களின் சுருக்கம் அதில் தெரியாது. ஆஸ்லர் காலத்தில் 'போலி' என்று ஒதுக்கப்பட்ட வலிகளில் ஒரு பகுதியாவது, பார்க்கும் கருவி இல்லாததால் பொய்யாக்கப்பட்ட மெய் என்று நாம் கருத இடமிருக்கிறது.

இனி ஹிரோஷிமாவுக்குச் செல்லவேண்டும். 1980களில் அந்நகரின் மருத்துவமனையில் ஹிகாரு சாட்டோவும் அவர் குழுவினரும் விசித்திரமான சில நோயாளிகளைப் பார்த்தார்கள். மாரடைப்புக்குரிய வலி இருந்தது, ஈசிஜியும் அதையே சொன்னது. இதயத் தமனிகளிலோ அடைப்பில்லை. இடது கீழறையின் நுனிப்பகுதி சுருங்காமல் பலூன்போல் உப்பியிருக்க, மேற்பகுதி மட்டும் குறுகித் துடித்தது. சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பியது. நம் கடற்கரையில் பேய்க்கணவாய் எனப்படும் ஆக்டோபஸைப் பிடிக்க ஜப்பானிய மீனவர் கடலுக்குள் இறக்கும் ஒரு பானை உண்டு. குறுகிய கழுத்தும் அகன்ற வயிறும் கொண்டது. அந்தப் பானையின் பெயரையே, 'டாக்கோட்சுபோ' என்று, 1990-இல் அந்நோய்க்குச் சூட்டினார்கள். முன்முடிவு எதுவும் இல்லாத பெயர் அது. கண்ணால் கண்ட வடிவத்தை மட்டும் சொல்லியது.

மேற்குலகம் இதைக் கவனிக்க மேலும் பதினைந்தாண்டு ஆயிற்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2005-இல் 19 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 18 பேர் பெண்கள். இறப்புச் செய்தி, திடீர் அச்சம் போன்றவற்றுக்குப் பின் நோயுற்ற அவர்களின் இரத்தத்தில் அட்ரினலின் வகைச் சுரப்புகள், கடும் மாரடைப்புக்காரர்களோடு ஒப்பிட்டாலும் இரண்டு மூன்று மடங்கு இருந்தன. 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் நான்கே நாட்களில் இந்நோயோடு 21 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். அனைவரும் பெண்கள். இதனோடு 2006-இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தை ஒப்பிடலாம். ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய நெருக்கடிகள் ஆண்களிடம் 3.26 மடங்காகவும் பெண்களிடம் 1.82 மடங்காகவும் உயர்ந்தன. நிலம் நடுங்கியபோது ஒரு வகை நெஞ்சம், பந்து உருண்டபோது இன்னொரு வகை நெஞ்சம் என்று எளிதாக எழுதிவிடலாம். ஆனால் கிரைஸ்ட்சர்ச்சில் எண்ணப்பட்டது ஒரு நோய், மியூனிக்கில் எண்ணப்பட்டது வேறு நோய்கள். தமனியில் ஏற்கெனவே படிந்த கொழுப்பு உடைந்து அடைப்பது ஒருவகை விபத்து. தெளிவான தமனிகளோடு தசை மட்டும் திகைத்து நிற்பது மற்றொருவகை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதே பெண்களை இரண்டாவது விபத்துக்கு ஆளாக்குகிறது என்ற கருத்து வலுவாக இருப்பினும், அது இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை.

இங்கேதான் வரலாறு மறுமுறை தடுமாறுகிறது. 'டாக்கோட்சுபோ' என்ற பானைப் பெயர் மேற்கில் 'உடைந்த இதய நோய்க்குறி' ஆனது. பத்திரிகைகளுக்கு உவப்பான பெயர். கூடவே பழைய கதையும் திரும்ப வந்தது: துயரம், பெண், உடைந்த நெஞ்சு. 2015-இல் பல நாடுகளின் 1,750 நோயாளிகளைத் தொகுத்த பதிவேடு வெளிவந்தபோது பெண்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு இருந்தது உண்மையே. ஆனால் உணர்ச்சி அதிர்ச்சியால் நோயுற்றவர்கள் 28 விழுக்காடு மட்டுமே. அறுவை, தொற்று, மூச்சுத்திணறல் போன்ற உடல் நெருக்கடிகளால் வந்தவர்கள் 36 விழுக்காடு. ஏறக்குறைய அதே அளவு, 28 விழுக்காட்டினருக்கு, எந்தக் காரணமும் புலப்படவில்லை. அடுத்த ஆண்டு அதே பதிவேட்டிலிருந்து, மகிழ்ச்சியான நிகழ்வுக்குப் பின் இந்நோய் கண்ட 20 பேரைப் பற்றிய கட்டுரையும் வந்தது. இதயத் தசைக்குக் காவியச் சுவைகள் தெரியாது. அதற்குத் தெரிந்தது சுரப்பின் வெள்ளம் மட்டுமே.

பெண்ணின் நோய் என்று எழுதப்பட்ட இந்த நோயில் ஆண்கள் என்ன ஆனார்கள்? 2016 முதல் 2020 வரை அமெரிக்க மருத்துவமனைகளில் பதிவான ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரை ஆராய்ந்து 2025-இல் வெளிவந்த கட்டுரை இதற்கு விடை தருகிறது. நோயுற்றோரில் பெண்கள் 83 விழுக்காடு. இறந்தவர்களோ பெண்களில் 5.5 விழுக்காடு, ஆண்களில் 11.2 விழுக்காடு. ஆண்களுக்கு இது பெரும்பாலும் கடும் உடல்நோயோடு சேர்ந்தே வருகிறது என்பது ஒரு விளக்கம். இவருக்கு இது இருக்காது என்ற எண்ணமும் சிகிச்சையைத் தாமதப்படுத்தக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஹெபெர்டனின் பட்டியலில் மூன்று பெண்கள் எப்படி மறைந்துபோனார்களோ, அப்படியே இப்பட்டியலில் ஆண்கள் மறைந்துபோகும் அபாயம் இருக்கிறது.

எனவே இருபாலரின் இதயங்களும் அழுத்தத்துக்கு ஒரே மாதிரி மறுமொழி சொல்வதில்லை என்பது இன்று ஐயமற்ற உண்மை. பொறுப்பும் சினமும் ஆணுக்கு, பாசமும் துயரமும் பெண்ணுக்கு என்று அந்த வேறுபாட்டைப் பங்குபோட்டதுதான் பிழை. உண்மையான வேறுபாடு நாடித்துடிப்பிலும் நுண்குழாயிலும் சுரப்பிலும் இருக்கிறது. மேலாளரிடமும் கணவனிடமும் சொல்லாமல் விழுங்கிய சொற்களிலும் இருக்கிறது. இலக்கியம் படிக்கும் நமக்கு இதில் ஒரு தனிப்பாடம் உண்டு. ஓர் அனுபவத்துக்கு வைக்கப்படும் பெயர், அதன்பின் அந்த அனுபவம் யாருடையது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. மூதானந்தம் என்று பெயரிட்டபோது கணவன் இறந்தபின் சாகும் மனைவி நம் கவிதைக்குள் வந்துவிட்டாள். மனைவியை இழந்து சாகும் கணவனுக்கு அங்கே அப்படியொரு துறை இல்லை. மருத்துவ ஏட்டிலும் ஒரு துறை விடுபட்டால் அங்கே விடுபடுவது ஓர் உயிர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டோ, மூச்சு முட்டியோ, முதுகிலும் தாடையிலும் வலிக்கிறது என்றோ நம் வீட்டில் ஒருவர் சொல்லும்போது, அவர் ஆணா பெண்ணா, அன்று அழுதாரா சினந்தாரா என்று கணக்கிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே இந்த இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் எளிய நீதி.